மோர்ப்பானைக்குப் பக்கத்தில் மனு எழுதப்படும்

மணி பத்தரை ஆகியும் தசரதன் இன்னும் பேனா மூடியைத் திறக்கவில்லை.

அன்று திங்கட்கிழமை. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். மாவட்டத்தில் உள்ள அத்தனை குறைகளும் பஸ் பிடித்து வந்து இறங்கும். ஜில்லா பிரிந்த நாளிலிருந்து எட்டு வருடமாக அந்தக் குறைகள் முதலில் வந்து குந்துவது வாசலுக்கு இடப்பக்கப் புங்கமரத்தடியில், 'மனு' தசரதனின் எதிரில்தான். பட்டாவோ பென்ஷனோ தெருக்குழாயோ, எதுவானாலும் அவர் எழுதினால் படிக்கிற அதிகாரி கைக்குட்டையைத் தேட வேண்டும். தேடாவிட்டால் அது மனுவே இல்லை என்பது தசரதனின் கொள்கை.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எழுதி முடித்து, மூடியை மூடியதும் எழுதியதைச் சுத்தமாக மறந்துவிடுவார். பின்னே, ஒரு நாளைக்கு முப்பது பேர் துக்கத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் சோறு இறங்குமா?

இன்று மறப்பதற்கும் ஒன்றும் இல்லை. எதிர்ப்பக்க வேப்பமரத்தடியில் பெரிய குடை, மடக்கு மேஜை, டைப்ரைட்டர். அதன் பின்னால் புகழேந்தி. வயது முப்பது, டைப்பிங்கில் ஹையர் பாஸ். வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் அவன் முன்னால் வரிசை கேட்டைத் தாண்டி நின்றது.

அந்த வரிசைக்கு, துண்டால் முகத்தை மறைத்தபடி ஒருவர் நழுவினார். கீழ்பென்னாத்தூர் காசி, தசரதனின் ஐந்து வருட வாடிக்கை.

"காசி! துண்டுக்குள்ள இருந்தாலும் எனக்குத் தெரியுது. வா இங்க."

காசி வந்தார். "கோச்சுக்காதீங்க. அந்தத் தம்பி அடிக்கிற மனுவுக்குப் பவரு ஜாஸ்தியா கீது. எம் மச்சான் பட்டா கேட்டு மனு குடுத்தான். பத்தே நாள்ல மாட்டு டாக்டர் வூட்டுக்கே வந்து விசாரிச்சுட்டுப் போனாரு!"

"பட்டாவுக்கும் மாட்டு டாக்டருக்கும் இன்னாய்யா சம்பந்தம்?"

"அதான் சொல்றேன். கேக்காத டிபார்ட்மெண்டே ஓடியாருதுன்னா, கேட்ட டிபார்ட்மெண்ட் இன்னா வேகத்துல வரும்னு பாருங்க!"

எட்டு வருடத்தில் தசரதனுக்குத் தெரிந்து அவர் மனுவுக்கு எந்த இலாகாவும் தப்பித்தவறிக்கூட ஓடி வந்ததில்லை. இந்த மரத்தடி போனால் தமக்கு இந்த ஊரில் வேறு பெயரே இல்லை என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வீட்டில் மனைவி தனம் கத்தரிக்கோலுடன் காத்திருந்தாள். வாரப் பத்திரிகையில் 'தொழிலில் போட்டியா? கவலையை விடுங்கள்' என்று ஒரு பகுதி வந்துகொண்டிருந்தது. தனம் அதை வாரம் தவறாமல் வெட்டிச் சேர்ப்பவள். அவர்களுக்கு இருந்த ஒரே தொழில் அந்தப் பேனாதான் என்றாலும், ஒரு மில் முதலாளியின் மனைவிக்குரிய அக்கறை அவளுக்கு இருந்தது.

"இன்னாங்க, இதைக் கேளுங்க. 'வாடிக்கையாளர் கேட்காத ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். கூட்டம் தானாக வரும்.'"

"மனுவோட நான் இன்னாத்தைச் சேர்த்துக் குடுக்க? இன்னும் ரெண்டு கஷ்டத்தையா?"

"வெயில்ல வர்ற ஜனம். மோர் குடுங்க."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆபீஸ் கேட்டில் பாஞ்சாலை என்ற அம்மாள் மோர் விற்றுக்கொண்டிருந்தாள். தசரதன் போய்க் கேட்டதும் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"உங்களுக்கு இல்லாததா சார்! திங்கக்கிழமைன்னா ரெண்டு பானை உங்க மரத்தடியிலயே வச்சுடறேன். எம் மாட்டுக்கு உங்க பேரைச் சொன்னா ஒரு படி ஜாஸ்தியாவே கறக்கும்."

இந்த மரியாதை எதற்கு என்று தசரதன் யோசிக்கவில்லை. தமக்கு வர வேண்டிய மரியாதை எங்கிருந்தாவது வந்தால் சரி என்று இருந்தார்.

அடுத்த திங்கள் புங்கமரத்தடியில் தேர்த்திருவிழாக் கூட்டம். கலெக்டர் ஆபீஸுக்கு வந்தவர்கள் எல்லாரும் குடித்தார்கள், பஸ்ஸுக்குப் போகிறவர்களும் குடித்தார்கள், ஒரு கல்யாண வேன் நின்று மாப்பிள்ளை உட்படக் குடித்தது. குடித்து, வாயைத் துடைத்து, நிழலில் ஆற அமர இளைப்பாறி, புதுத் தெம்போடு எதிர்ப்பக்கம் போய் மனு அடித்துக்கொண்டார்கள்.

மத்தியானம் புகழேந்தியே டம்ளரோடு வந்தான். குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"அருமைண்ணே. பெருங்காயம் மட்டும் கொஞ்சம் கம்மி."

தசரதன் அன்று இரவு சாப்பிடவில்லை. தனம் அடுத்த துண்டை எடுத்தாள்.

"'உங்கள் சேவைக்கு உத்தரவாதம் கொடுங்கள்'னு போட்டிருக்குதுங்க."

மறு திங்கள் மரத்தில் போர்டு தொங்கியது: 'இங்கு எழுதப்படும் மனுக்களுக்கு நடவடிக்கை உறுதி.' பெயிண்ட் காய்வதற்குள் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். ஆகா என்று தசரதன் பேனாவைத் திறந்தார். வந்தவர்கள் யாரும் உட்காரவில்லை.

"நீதானே எழுதினே? என் ரேஷன் கார்டு எங்க?"

"எம் பொண்ணுக்குப் பால்வாடி வேலைன்னு எழுதினியே, அவளுக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ளை கீது. இன்னும் வரலை!"

எட்டு வருடத்து நடவடிக்கை எடுக்கப்படாத மனுக்கள் எல்லாம் உறுதி கேட்டு வந்து நின்றன. சாயங்காலம் வரை தசரதன் அத்தனையையும் சும்மாவே மறுபடி எழுதிக் கொடுத்தார். சத்தம் கேட்டு உள்ளிருந்து கலெக்டரின் டவாலிச் சேவகர் பலராமன் வந்தார்.

"ஏம்பா தசரதா, உள்ள உட்கார்ந்து நடவடிக்கை எடுக்கறவங்களுக்கே அது எப்பன்னு உறுதி இல்லை. நீ வெளியில உட்கார்ந்துக்கினு போர்டு மாட்றியா? கழட்டு!"

போர்டு மோர்ப்பானைக்கு மூடியாயிற்று.

இதற்கிடையில் தெருவிளக்கு கேட்டுப் புகழேந்தியிடம் மனு அடித்த ஒரு தெருவில், மாடு வளர்ப்பது பற்றிய இலவச முகாமே நடந்ததாகப் பேச்சு வந்தது. பயல் எந்த மந்திரியைக் கையில் போட்டிருக்கிறானோ என்று தசரதன் பொருமினார்.

மூன்றாவது துண்டைத் தனம் கொஞ்சம் தயங்கித்தான் படித்தாள். "'போட்டியாளரை எதிரியாக நினைக்காதீர்கள். நேரில் சந்தித்து மனம்விட்டுப் பேசுங்கள்.'"

"நானா? அவங்கிட்டயா? அந்தப் பத்திரிகைக்காரனை இங்க வந்து ஒரு திங்கக்கிழமை உட்காரச் சொல்லு!"

கோபத்தோடு பேனாவைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தமக்காக ஒரு மனு எழுதினார். ஆனால் மனு எழுதுகிறவன் தன் பெயரில் மனுப் போட்டால் ஊர் சிரிக்கும். ஆகவே 'இப்படிக்கு, பொதுமக்கள்'. 'மரத்தடியில் கூட்டம் சேர்த்து, வழியை மறித்து, ஏழை எளியோரை இழுத்துப் பிழைப்பு நடத்தும் நபரை உடனடியாக அப்புறப்படுத்த வேண்டுகிறோம்.' புகழேந்தியின் பெயரை மட்டும் எழுதவில்லை. பிழைக்க வந்தவன், பெயரைக் கெடுப்பானேன் என்று ஒரு நல்ல மனசு. எழுதியதைப் படித்து அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆபீஸ் பெட்டியில் போட்டார்.

எட்டு வருடத்தில் அவர் எழுதிய எந்த மனுவுக்கும் இல்லாத வேகம் இதற்கு வந்தது. அடுத்த திங்களே வருவாய் ஆய்வாளர் இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினார். வேப்பமரத்தடியைப் பார்த்தார். புகழேந்தி தனியாக டைப்ரைட்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவன் வரிசை முழுக்கப் புங்கமரத்தடியில் மோர் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு மாட்டுவண்டி போக வழியில்லாமல் நின்றது.

ஆய்வாளர் மனுவைப் பார்த்தார். மரத்தடி, சரி. கூட்டம், சரி. வழிமறிப்பு, சரி.

"தசரதன் நீங்கதானா? பொதுமக்கள் உங்க மேல மனுக் குடுத்திருக்காங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இடத்தைக் காலி பண்ணணும்."

"சார்! அது… அது நான் இல்லை சார்!"

"பானை உங்களுதுதானே?"

தசரதன் எடைபோட்டுப் பார்த்தார். எழுதினது நான்தான் என்று சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மரம் போகும். கலெக்டரிடமே முறையிடலாம் என்று பேப்பரை எடுத்தார். அவருடைய கையெழுத்து உள்ளே இருக்கும் கிளார்க்குகளுக்கு எல்லாம் மனப்பாடம். அதே கையால் 'பொதுமக்கள்' எழுதிய மனு மேஜையில் கிடக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்? சரி, கையெழுத்தை மாற்றி எழுதலாம் என்றால் விஷயம் வரவில்லை. ஊரார் கஷ்டத்துக்கெல்லாம் கொட்டிய பேனா, சொந்தக் கஷ்டத்துக்கு 'ஐயா' என்ற ஒரு வார்த்தையோடு நின்றது.

பாஞ்சாலை மெல்லச் சொன்னாள்: "மூணு மணி ஆவுது சார். எதிர்ல போய் அடிச்சுக்கினு வந்துடுங்க."

வேறு வழியில்லை. பதினைந்து அடி அகல ரோட்டைக் கடக்க அவருக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. புகழேந்தி எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"உட்காருங்கண்ணே. பேரு தெரியும். அப்பா பேரு? ஊரு?"

சொன்னார்.

"விஷயத்தைக் கேக்கலையேப்பா?"

"எனக்குத் தெரியாதாண்ணே?"

டக் டக் என்று நிறுத்தாமல் அடித்தான். உருவிக் கொடுத்தான். தசரதன் குறை கண்டுபிடிக்கும் ஆசையோடுதான் படிக்க ஆரம்பித்தார். 'ஊரெல்லாம் தீபம் ஏற்றும் இந்த மண்ணில் என் வீட்டு அடுப்பு மட்டும் எரியாமல் கிடக்கிறது' என்ற வரியில் மூக்கை உறிஞ்சினார். 'ஒரு கறவை மாடு இருந்தால், கன்று குடித்த மிச்சத்தில் நானும் பிழைத்துக்கொள்வேன்' என்ற வரியில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கடைசியில் இந்த மரத்தடியை விட்டு விரட்ட வேண்டாம் என்று ஒரு வரி. தமக்கு எதற்கு மாடு என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த மாட்டை எடுத்துவிட்டால் மனுவில் உயிரே இருக்காது என்று அவர் தொழில் புத்தி சொன்னது. என்ன கற்பனை! இவனிடம் தோற்றதில் வெட்கம் இல்லை என்று முதல் தடவையாக நிம்மதி வந்தது.

பலராமன் அவரை உள்ளே விட்டார். கலெக்டர் படித்தார். இரண்டாவது பாராவில் கைக்குட்டை வெளியே வந்தது.

"நீங்க அங்கேயே இருங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து வாசல்ல ஒரு கொட்டகை போட்டுக் குடுக்கச் சொல்றேன். மோரை மட்டும் ஓரமா வைங்க." கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "மாட்டுக்கும் எழுதிட்டேன். வச்சுப் பார்த்துக்குவீங்களா?"

"பார்த்துக்குவேங்க!" என்று தசரதன் கும்பிட்டார். மாட்டைப் பற்றி அப்போது அவருக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

வெளியே ஓடி வந்து புகழேந்தியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "தம்பி, மன்னிச்சுடுப்பா. உன்னைக் கிளப்பத்தான் அந்த 'பொதுமக்கள்' மனுவை எழுதினேன். நான் மகா பாவி!"

"தெரியும்ணே. பலராமன் அண்ணன் அன்னிக்கே சொல்லிட்டாரு. அந்தக் கையெழுத்து யாருக்குத் தெரியாது?"

"தெரிஞ்சுமா எனக்கு அடிச்சுக் குடுத்தே?"

புகழேந்தி நெளிந்தான். "நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ணே…"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். இனிமே ஒரே கொட்டகை. எழுதறது நீ, எடுபிடி நான். எட்டு வருஷமா எழுதறேன், இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. அந்த மாட்டு வரி இருக்கே, அதை மட்டும் எப்படிய்யா யோசிச்சே?"

புகழேந்தி டைப்ரைட்டரைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே அது பளபளவென்றுதான் இருந்தது. இரண்டு பேருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருந்த பாஞ்சாலைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"அவரு எங்க சார் யோசிச்சாரு? மூணு வருசம் முன்ன நீங்க எனக்கு எழுதிக் குடுத்த மனுவோட நகலை எங்கிட்ட கேட்டு வாங்கி வச்சுக்கினு, பேரையும் கடைசி வரியையும் மட்டும் மாத்தி ஊருக்கெல்லாம் அடிக்கிறாரு. நீங்க இப்ப குடிக்கிறது அந்த மனுவுல வந்த மாட்டு மோருதான்!"