பெர்லின் அண்ணனின் கடைசிப் பேட்டி

போடிநாயக்கனூர்க்காரர்களின் வாய்ச்சொல்லை அப்படியே நம்பிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் ஜெர்மன்காரர். பெயரைச் சொல்ல முயன்று நாக்குச் சுளுக்கியதால், எங்கள் தெருவுக்கு அவர் பெர்லின் அண்ணன்.

அங்கே அவர் அரசியல் நிருபர். மந்திரி ஒருவர் சொன்னதையும் செய்ததையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்தே பதவியை விட்டு இறக்கியவராம். பிறகு பத்திரிகை இளைத்தது. "இந்தியத் தேர்தலில் ஒரு நல்ல பேட்டி எடு, வேலை நிலைக்கும்" என்று ஆசிரியர் சொல்லிவிட, என் ஏலக்காய்க் கடை மாடிக்கு வாடகைக்கு வந்துசேர்ந்தார். தமிழ் தெரியும், ஆனால் புத்தகத் தமிழ். "தேநீர் கிடைக்குமா?" என்று அவர் கேட்டால் டீக்கடைக்காரர் எழுந்து நின்றுவிடுவார்.

எங்கள் வேட்பாளர், தேர்தலுக்குத் தேர்தல் குரங்கணி ரோட்டை வாயாலேயே போட்டுத் தருபவர், ஓட்டுக் கேட்டுக் கடைக்கு வந்தார். பெர்லின் அண்ணன் பேட்டி கேட்டார்.

"பேசிருவோம்ணே. இப்பச் சோலி கெடக்கு. வர்றேன்" என்று கும்பிட்டு அவர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

பெர்லின் அண்ணன் மாடிக்கு ஓடிச் சட்டை மாற்றி, இரண்டு நாற்காலி போட்டுக் காத்திருந்தார். பொழுது சாய்ந்தது. மறுநாளும் உட்கார்ந்தார். சாப்பாடு கொண்டுபோனால், "அவர் வந்துகொண்டிருக்கிறார்" என்றார். மந்திரியைக் கவிழ்த்த மூளை!

கடைசியில் டீக்கடை வாசலில் வேட்பாளரை மறித்தார். "வருகிறேன் என்றீர்கள். வரவில்லை. ஏன் பொய் சொன்னீர்கள்?"

வேட்பாளர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். "என்னண்ணே இவரு? கெளம்பறப்ப வர்றேன்னுதான சொல்லணும். போறேன்னா சொல்லுவாக? நான் என்ன ஒரேயடியாவா போறேன்?"

அரசியலுக்கு வந்தபின் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். பெர்லின் அண்ணன் அதையே பேட்டியாக எழுதி அனுப்பினார். பேட்டி அருமை, வேலை இல்லை என்று ஆசிரியர் பதில் போட்டார்.

அதற்குப் பிறகும் வெளியே கிளம்பும்போதெல்லாம் "போகிறேன்" என்றுதான் சொல்வார். என் மனைவி பதறுவாள். "அப்பிடிச் சொல்லாதீகண்ணே."

"திரும்புவது உறுதியில்லை அம்மா. உறுதியில்லாததை நான் சொல்வதில்லை."

ஊருக்குக் கிளம்பிய அன்று மதுரை ரயிலில் ஏற்றிவிடப் போனேன். கையில் வேலை இல்லை, மறுபடி டிக்கெட் எடுக்க வழியும் இல்லை. வண்டி நகர்ந்ததும் ஜன்னல் வழியாகக் கும்பிட்டார்.

"வர்றேன்ணே" என்றார்.

மாடி அறையை இன்னும் யாருக்கும் விடவில்லை. கேட்டு வருகிறவர்களிடம், ஆள் வர்றாரு என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.