இன்னாசிமுத்து தன் வீட்டுக்கே குடிபோன விவரம்

மேற்படி வீடு பீளமேட்டில், பழைய மில்லுக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் இருக்கிறது. மேலே எதுவும் சொல்லாமலே 'மேற்படி' என்று ஆரம்பிப்பது தப்புதான். முப்பது வருடமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு வேறு மாதிரி ஆரம்பிக்க வராது. இந்த வீட்டு விற்பனை ஒப்பந்தத்தை எழுதியதும் நான்தான். எழுத்துக்கூலி நாலாயிரம் இன்னும் வரவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் இன்னாசிமுத்து மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழே ஹால், இரண்டு ரூம், சமையலறை. மாடியில் ஒற்றை ரூம். அவர் மனைவி சாராள் அக்கா குள்ளம். அதனால் அடுப்பு மேடையை அக்காவை நிற்க வைத்து அளந்து, மற்ற வீடுகளை விட அரை அடி தணித்துக் கட்டியிருந்தார்கள். மகன் வின்ஸ்டன் கனடா போகப் பத்து லட்சம் வேண்டும் என்றான். வீட்டை விற்பது என்று முடிவானது.

வாங்க வந்தவர்கள் சாய்கிருஷ்ணா, யுவஸ்ரீ என்ற இளம் தம்பதி. சாய்கிருஷ்ணா யூடியூபில் 'கடனில்லாப் பெருவாழ்வு' என்று ஒரு சேனல் நடத்துகிறார். யுவஸ்ரீ அடுப்பில்லாச் சமையல் வகுப்பு எடுக்கிறார். இவர்களுக்கு எந்த வங்கியும் வீட்டுக்கடன் தரவில்லை. திருப்பிக் கட்டுவார்கள் என்று தோன்றவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். இதைக் கேட்டு இன்னாசிமுத்துவுக்கு மனசு தாங்கவில்லை.

"பேங்குக்காரங்களுக்கு மனுசத்தன்மையே இல்லீங்க ரைட்டரே," என்றார் என்னிடம்.

ஆகவே விலை நாற்பது லட்சம், முன்பணம் பத்து லட்சம், மிச்சம் மாதம் இருபத்தையாயிரமாக நூற்றிருபது தவணை, கடைசித் தவணை வந்ததும் கிரயப் பத்திரம் என்று எழுதினேன். சேர்ந்தாற்போல் மூன்று தவணை தவறினால் வீடு விற்றவருக்கே திரும்பும் என்றும் ஒரு ஷரத்துப் போட்டேன். கையெழுத்துக்கு முன் இரு தரப்புக்கும் வாசித்துக் காட்டுவது வழக்கம். அந்த ஷரத்து வந்தபோது இன்னாசிமுத்து பலமாக இருமினார். முடித்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அந்த வரியைச் சத்தமாப் படிக்கோணுங்களா? பாவம், சங்கடப்படுவாங்கல்லங்க."

மூன்று தவணை ஒழுங்காக வந்தது. நாலாவது வரவில்லை. ஐந்தாவதும் வரவில்லை. அப்போது இன்னாசிமுத்துவும் அக்காவும் காரமடையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அங்கே அடுப்பு மேடை அக்காவின் மார்புக்கு வந்தது. ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் குழம்பு வைப்பார். பலகை ஆடும். அக்கா அப்போது பேசும் பேச்சு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர் பேசுவது அல்ல.

மாதாமாதம் ஒன்றாம் தேதி இன்னாசிமுத்து காரமடையில் பஸ் ஏறிப் பணம் கேட்கப் போவார். கேட்டிலேயே யுவஸ்ரீ, "அங்கிள் வாங்க, வெயில்ல வந்துபோட்டீங்களே," என்பார். செம்பருத்தி ஊறல் வரும். முளைகட்டின பயறு வரும். தேங்காய்ப்பாலில் ஊறிய அவல் வரும். ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டு அவர்களிடமே பாக்கியைக் கேட்பது எங்கள் பக்கம் கொலைக்கு அடுத்த குற்றம். அதனால் கேட்க மாட்டார். பஸ்ஸில் திரும்பும்போது நன்றி சொல்லி போனில் குரல் செய்தி அனுப்புவார். "அவல் அருமையா இருந்துச்சுங்க தம்பி. பணம் மெதுவாக் குடுங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க." இது இங்கே எல்லோரும் சொல்வதுதான். உயிர் போகிற அவசரத்தில் இருப்பவனும் இதைத்தான் சொல்வான்.

வீட்டில் பலகைமேல் நின்றபடி சாராள் அக்கா கேட்பார்.

"என்னங்க குடுத்தாங்க?"

"முளைகட்டின பயறுங்க."

"எத்தனை மாசத்துக்குண்டான பயறு?"

பதினாலு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் பலகை நழுவி அக்கா விழுந்தார். கால் பிசகி ஒரு வாரம் படுத்துக்கிடந்தவர் எழுந்ததும் சொன்னார்: "எனக்கு அவங்க காசே வேண்டாமுங்க. என்ற அடுப்பு மேடை வேணும். ஊட்டைத் திருப்பி வாங்கிக் குடுங்க."

மனு எழுதிக்கொண்டு நானும் கூடப் போனேன். நாங்கள் போன வீட்டு விவகார நல்லிணக்க மையம் புதிதாகத் திறந்தது. ஏசி உண்டு. டோக்கன் மிஷின் உண்டு. 'புன்னகையோடு தீர்வு' என்று சுவரில் எழுதியிருந்தது. எங்களுக்குப் பக்கத்தில் கரீம் பாய் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். மையம் நடக்கிற கட்டடமே அவருடையது. பதினொரு மாத வாடகை பாக்கி, அதைப் பற்றி மனுக் கொடுக்க வந்திருந்தார்.

இணக்க அலுவலர் மருதாசலம் எழுந்து நின்று கும்பிட்டார்.

"உக்காருங்கய்யா. என்ன சங்கடமுங்க?"

"ஊட்டை வித்தேனுங்க. பணம் வரலீங்க. ஒப்பந்தப்படி ஊட்டைத் திரும்பக் குடுக்கோணுமுங்க."

"நியாயம்தானுங்க. ஊட்டுல இப்ப யாருங்க இருக்கறாங்க?"

"வாங்கினவங்கதானுங்க."

"நீங்க?"

"காரமடைங்க."

மருதாசலம் மிகுந்த வருத்தத்துடன் ஒரு சுற்றறிக்கையை எடுத்தார். மனுதாரர் என்பவர் மேற்கண்ட கட்டடத்தில் வசிப்பவராக இருத்தல் வேண்டும், அதற்கான சான்று இணைத்தல் வேண்டும் என்று இருந்தது.

"நான் அதுல குடியிருந்தா எதுக்குங்க மனுக் குடுக்கறேன்?"

"அதேதானுங்க ஐயா," மருதாசலம் முகம் மலர்ந்தது. "ஊட்டைத் திருப்பிக் கேட்டு, அதே ஊட்டுல குடியிருக்கற ஒருத்தரும் இதுவரைக்கும் எங்ககிட்ட வந்ததில்லீங்க. அந்த இனத்துல எங்களுக்கு நிலுவையே கிடையாது." மேலே பார்த்தால், நிலுவை இல்லாமைக்கு வாங்கிய கேடயம் மாட்டியிருந்தது. கரீம் பாய்க்கும் அதே சுற்றறிக்கைதான். பாவம், அவரும் அந்த ஆபீசில் வசிக்கவில்லை.

வெளியே வந்து நான் ஒரு யோசனை சொன்னேன். அதற்காக இன்றுவரை சாராள் அக்கா என்னை முறைக்கிறார். மாடி ரூம் சும்மாதானே கிடக்கிறது, வாடகைக்குக் கேளுங்கள், முகவரிச் சான்று கிடைத்துவிடும் என்றேன்.

சாய்கிருஷ்ணாவுக்கு ரொம்ப சந்தோஷம். வாடகை இருபத்தையாயிரம் சொன்னார்.

"ஒத்த ரூமுக்குங்களா தம்பி?" என்று கேட்டார் இன்னாசிமுத்து.

"மூச்சுப் பயிற்சியும் அவலும் சேர்த்துங்க அங்கிள். நீங்க யோசிக்கவே வேண்டாம். நீங்க வாடகை குடுத்த அஞ்சாவது நிமிசம் அதையே தவணையா உங்க கையில குடுத்துருவேன். இதுக்குப் பேரு சுழற்சிப் பொருளாதாரமுங்க. இதைப் பத்தி நான் மூணு வீடியோ போட்டிருக்கறேன்."

காரமடை வீட்டைக் காலி செய்துவிட்டு, அக்காவின் சீட்டுப் பணத்தில் ஐந்நூறு ரூபாய்த் தாள் ஐம்பது எடுத்துக்கொண்டு மாடியில் குடியேறினார்கள். ஒன்றாம் தேதி காலையில் ஐம்பது தாளும் படியிறங்கிப் போகும். வாடகை ரசீது வரும். ஐம்பது தாளும் படியேறி வரும். தவணை ரசீது போகும். முதல் மாதமே ஒரு தாளை அக்கா மஞ்சள் கையோடு தொட்டுவிட, அந்தத் தாளுக்கு அடையாளம் வந்துவிட்டது. அது கீழே போய் மேலே வருவதை ஜன்னலில் பார்த்து, "போயிட்டு வந்துட்டியா கண்ணு?" என்று கேட்பாராம். ஒரே குறை, சமையல்தான். மாடியில் மேடையே கிடையாது. அக்கா கேஸ் அடுப்பைத் தரையில் வைத்துக் குனிந்து சமைத்தார். கீழே அவருடைய மேடைமேல் சாய்கிருஷ்ணா கேமரா வைத்திருந்தார்.

முகவரிச் சான்றோடு மறுபடி மையத்துக்குப் போனோம். வாசலில் கரீம் பாய் ஆட்டோவிலிருந்து ஒரு கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தார்.

மருதாசலம் எங்கள் மனுவை மகிழ்ச்சியோடு வாங்கிப் பதிவு செய்தார். பிறகு ரசீதுகளைப் பார்த்தார்.

"ஐயா, மூணு மாசமா தவணை கரெக்டா வருதுங்களே?"

"அது என்ற காசுங்க."

"உங்க காசு உங்ககிட்ட வந்துருச்சுன்னா அதைத்தானுங்க நாங்க தீர்வுன்னு சொல்றோம்."

"முன்னால பதினாலு மாசம் வரலீங்களே?"

எதிர்த்தரப்பு ஏற்கெனவே சமர்ப்பித்திருந்த பதினாலு குரல் செய்திகளை மருதாசலம் போட்டுக் காட்டினார். அவல் அருமை, பயறு அருமை, பணம் மெதுவாகக் கொடுங்கள், ஒன்றும் அவசரமில்லை. தன் குரலைக் கேட்டு இன்னாசிமுத்துவுக்கே அந்த மனிதர்மேல் மரியாதை வந்துவிட்டது. மனு சுமுகமாகத் தீர்ந்ததாக முடித்துவைக்கப்பட்டது. வெளியே ஒரு பெண் கருத்துக் கேட்கும் மிஷினை நீட்டினாள். நாலு நட்சத்திரம் போட்டால் தனக்கு மெமோ வரும் என்றாள். இன்னாசிமுத்து ஐந்து போட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், என்னிடமும் நீட்டினாள், நானும் ஐந்து போட்டேன்.

அடுத்த ஒன்றாம் தேதி சாராள் அக்கா ஐம்பது தாளையும் தலையணை உறைக்குள் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "இது இனிக் கீழ போகாதுங்க."

வாடகை போகாததால் தவணை வரவில்லை. தவணை வராததைப் பற்றி எங்களுக்கு வருத்தம். வாடகை வராததைப் பற்றி அவர்களுக்கு வருத்தம். ஆனால் சாய்கிருஷ்ணா அந்தக் கட்டடத்தில் வசிப்பவர். அவர் மனுவைத் திங்கட்கிழமை கொடுத்தார், வியாழக்கிழமை உத்தரவு ஆனது. வாடகை செலுத்தத் தவறிய மாடிவாசிகளை மறுநாள் காலை பத்து மணிக்கு வெளியேற்ற வேண்டும் என்று. இவ்வளவு வேகமாக ஒரு ஆபீஸ் வேலை செய்து என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்கா அடுப்பையும் சிலிண்டரையும் இறக்கிக்கொண்டு நேராகக் கீழ்ச் சமையலறைக்குள் போனார். கேமராவை எடுத்து ஜன்னலில் வைத்தார். தன் மேடையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். "போறதுதான் போறேன், ஒரு நேரம் இதுல நின்னு ஆக்கிப்போட்டுப் போறேன்," என்றார். அப்போது அவர் கண் கலங்கியிருந்தது. சாமான் இறக்க உதவிக்குப் போயிருந்த எனக்கும் கஷ்டமாக இருந்தது.

ஒன்பதரைக்குத் தேங்காய் வறுத்தரைத்த கோழிக்குழம்பு கொதித்தது. ஒன்றரை வருடத்துக்கு மேலாக ஊறவைத்ததையே தின்றுகொண்டிருந்த வீடு அது. முதலில் சாய்கிருஷ்ணா வந்து வாசலில் நின்றார். பின்னால் யுவஸ்ரீ வந்தார்.

"ஆண்ட்டி, சும்மா வாசம் பாக்கலாம்னு வந்தோமுங்க."

"உக்காரு கண்ணு," என்று அக்கா தட்டு வைத்தார்.

பத்து மணிக்கு மருதாசலம் உத்தரவோடு வந்தார். "ஏனுங்கம்மா, மன்னிச்சுக்கோணும்," என்று ஆரம்பித்தார். "வாங்க தம்பி, சாப்பிட்டுப்போட்டு வெளியேத்துங்க," என்று அக்கா அவருக்கும் பரிமாறினார். மூன்று தோசை, இரண்டு கரண்டிக் குழம்பு. கை கழுவிவிட்டு மருதாசலம் உத்தரவை எடுத்தார், பார்த்தார், மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அப்ப நாங்க எப்பங்க காலி பண்ணோணும்?" என்று கேட்டார் அக்கா.

"நீங்க மெதுவாப் பண்ணுங்கம்மா. ஒண்ணும் அவசரமில்லீங்க."

அக்கா முந்தானைக்குள்ளிருந்து போனை எடுத்து நிறுத்தினார். பதிவாகியிருந்தது.

இப்போது மாடியில் வாடகை கிடையாது, கீழே தவணை கிடையாது, சமையல் மட்டும் பொது. சாய்கிருஷ்ணா சேனலில் கடனில்லாப் பெருவாழ்வு ஜோராக நடக்கிறது. யுவஸ்ரீ வகுப்பு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு குழம்பு தொட்டுத் தின்கிறார். கரீம் பாயின் கட்டிலுக்கு மையத்தில் மாத வாடகை கேட்கிறார்களாம்.

போன வாரம் என் நாலாயிரத்தைக் கேட்டே தீருவது என்று மேற்படி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அக்கா தன் மேடை முன்னால் நிமிர்ந்து நின்று பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். எட்டுத் தின்றேன்.

"ரைட்டரே, உங்க கூலி பாக்கி இருக்குதுங்களே," என்று அவரே எடுத்தார். "அவசரமுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் அவசரமில்லீங்க அக்கா," என்றேன். "மெதுவாக் குடுங்க."

அக்கா போனைக் காதில் வைத்து, சரியாகக் கேட்கிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்தார்.