மீனும் கறி உருண்டையும் ஒரே பக்கத்தில்

மினசோட்டா, அக்டோபர் 1987

அன்பும் மரியாதையும் நிறைந்த போர்கில்ட் அக்காவுக்கு, தம்பி நெல்ஸ் எழுதுவது. நானும் பசுக்களும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

என் மகள் சிக்னெ விஷயமாகத்தான் எழுதுகிறேன். நீ சொன்னால்தான் கேட்பாள். கணக்கு டீச்சர் வேலையை விட்டுவிட்டு மினியாபொலிஸில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போனவள், வெவ்வேறு இடத்தில் இருப்பவர்கள் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதுவதற்கு வழி செய்கிறாளாம். "ஒரு பேனாவை நாலு பேர் பிடிச்சா எப்படிம்மா எழுதுறது?" என்றேன். "பேனா நாலு இருக்குப்பா, காகிதம்தான் ஒண்ணு" என்றாள். இதுவரை யாரும் செய்யாததாம். யாரும் கேட்கவுமில்லை என்கிறார் அவளுடைய மேலாளர் ஹாஸ்கெல். "சாதாரண ஜனங்க இதை ஆசையா பயன்படுத்துறதைக் காட்டு. இல்லேன்னா மூடிடலாம்" என்றுவிட்டார். அதற்கு இவள் நம் தேவாலயத்தையா பிடிப்பாள்?

சனிக்கிழமை பாதிரியார் வீட்டிலும் பள்ளியிலும் பால்பண்ணையிலும் தேவாலயத்திலும் கம்ப்யூட்டரை வைத்து, டெலிபோன் கம்பியால் இணைத்து, இலையுதிர்கால விருந்துக்கு அறிவிப்பு எழுதச் சொன்னாள். தேவாலயத்தில் நானும் ஹாஸ்கெலும் அவள் பின்னால் நின்று பார்த்தோம். பாதிரியார் 'ஊறவைத்த மீன்' என்று போட்டார். பள்ளியிலிருந்து லவோன் அதை அழித்துவிட்டு 'கறி உருண்டை' என்றாள். பால்பண்ணையிலிருந்து செல்மர் மீனைத் திரும்பக் கொண்டுவந்தார். பாடகர் குழுச் சண்டைக்குப் பிறகு லவோனும் செல்மரும் பேசிக்கொண்டதே இல்லை. இப்போது எல்லார் திரையிலும் பேசினார்கள்.

"மீன் நாத்தத்துக்குப் பயந்துதான் போன வருஷம் பாதிப் பேர் வரல."

"உங்க உருண்டையில கறி எங்கேன்னு தேடித்தான் மீதிப் பேர் வரல."

நடுவில் பாதிரியார் ஜெபம் எழுதினார். அதையும் யாரோ அழித்துவிட்டார்கள். சிக்னெயின் முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு செல்மர் மெதுவாக எழுதினார்: "லவோன், நிஜமாவே நாறுதா?"

"கொஞ்சம். வெண்ணெய் நிறைய ஊத்தினா தெரியாது."

"அப்ப ரெண்டையும் வைப்போம். நீங்களே பக்கத்துல நின்னு ஊத்துங்க."

அதன்பின் பாயசத்தைப் பற்றி ஆரம்பித்தார்கள். காபி தயார் என்று நாலு இடத்திலும் கூப்பிட்டும், காபி என்றால் ஜெபத்தைக்கூட விட்டு ஓடும் நம் லூத்தரன் சபையில் ஒருவர்கூட நாற்காலியை விட்டு எழவில்லை. ஹாஸ்கெல் காபிகூடக் குடிக்காமல் காரில் ஏறிப் போய்விட்டார். போயிற்று அவள் வேலை. பள்ளியில் இன்னும் இடம் இருக்கிறது, திரும்பி வரச்சொல்லி நீதான் அவளுக்கு எழுத வேண்டும்.

கர்த்தர் உன் வீட்டையும் உன் முழங்காலையும் காப்பாராக.

உன் தம்பி,
நெல்ஸ்

பின்குறிப்பு: அவளுக்கு எதுவும் எழுதிவிடாதே. இப்போதுதான் போன் செய்தாள். காபிக்கு யாரும் எழாததை ஹாஸ்கெல் முதலாளிகளிடம் சொல்ல, அவளுக்குக் கீழே ஆறு பேரைப் போட்டுவிட்டார்களாம். செல்மர் கம்ப்யூட்டரைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார். விருந்தின் நன்றியுரையை எழுத என்னையும் ஒரு கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்திருக்கிறார்கள். இந்த நிமிஷம் யாரோ என் பெயரை அழித்துவிட்டார்கள். லவோன்தான். திரும்பப் போட வேண்டும், நான் போகிறேன்.