லெமுவல் டாக்கெட் ஒப்புக்கொள்ளாமல் ஒப்புக்கொண்டது

எங்கள் டாலோவிக் மாவட்டத்தில் நிரபராதி எவரும் தண்டிக்கப்பட்டதில்லை. இது வாய்ப்பேச்சு அல்ல, ஆவணப்படி உண்மை. அந்த ஆவணம் எவ்வாறு காப்பாற்றப்பட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

டிராக்டர் கடைக்காரரைச் சுட்டுக் கொன்றதாக லெமுவல் டாக்கெட் பிடிபட்டது பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு. எங்களில் பன்னிரண்டு பேர் ஜூரிகளாகக் கூடி, மதியச் சாப்பாட்டுக்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். அன்று கெளுத்தி மீன் வறுவல், ஆறினால் நன்றாயிராது.

லெமுவல் "நான் செய்யலை" என்றார். வருத்தம் தெரிவித்தால் வீட்டுக்குப் போகலாம் என்று பரோல் குழு மூன்று முறை சொன்னது. செய்யாததற்கு எப்படி வருந்துவது என்று கேட்டார். 'திமிர்' என்று குறித்துக்கொண்டார்கள்.

இந்தக் கோடையில், செத்தவரின் நகத்திலிருந்த ரத்தத்தைச் சோதித்தார்கள். அது லெமுவலுடையது அல்ல.

அரசு வழக்கறிஞர் ராய்ஸ் ஹால்டேனுக்குத் தர்மசங்கடம். நவம்பரில் அவர் பதவிக்குத் தேர்தல். லெமுவலின் வக்கீலையும் கூட்டிக்கொண்டு சிறைக்கே வந்தார்.

"நல்ல சேதி லெமுவல். 'குற்றவாளி'ன்னு ஒரு வார்த்தை சொல்லு, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போயிடலாம்."

"நான் செய்யலையே சார்."

"அதையும் சொல்லிக்கோ. சட்டத்துல இடமிருக்கு."

"மாட்டேன்னா?"

"மறுவிசாரணை. ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இங்கதான்."

"அப்போ குற்றவாளின்னா வெளியே, நிரபராதின்னா உள்ளே?"

"பாத்தியா, சட்டம் உனக்கே பிடிபட்டுடுச்சு!"

குற்றவாளி என்று ஒப்புக்கொண்டவர் மாவட்டத்தின் மீது நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது என்பதை மட்டும் ஹால்டேன் சொல்ல மறந்துவிட்டார். வேலைப்பளு.

வெள்ளிக்கிழமை நீதிமன்றத்துக்கு லெமுவலின் மகள் கெசையா வந்தாள். அவர் உள்ளே போனபோது அவளுக்கு இரண்டு வயது. "எங்கப்பா செய்யலை" என்று சொல்லியே பள்ளிக்கூடத்தில் அடிதடிக்குப் பேர் வாங்கியவள். அப்பாவின் கால் அளவு தெரியாததால் மூன்று ஜோடி ஷூ வாங்கி வந்திருந்தாள்.

"உன் முன்னாடி அந்த வார்த்தையை எப்படிம்மா சொல்லுவேன்?"

"சொல்லிட்டு வாப்பா. நான் காதைப் பொத்திக்கறேன்."

நீதிபதி ஸ்ட்ராட்டன் முறைப்படி கேட்டார். "சுயவிருப்பத்தோடதான் சொல்றீங்களா?"

லெமுவல் கைவிலங்கைப் பார்த்தார். "ஆமாங்க ஐயா."

"யாராவது மிரட்டினாங்களா?"

"ஒத்துக்கலைன்னா ரெண்டு வருஷம் உள்ளேன்னாங்க."

"அது மிரட்டல் இல்லை, நாள்காட்டி. ஆசை காட்டினாங்களா?"

"வீட்டுக்குப் போகலாம்னாங்க."

"அது ஆசை இல்லை, விலாசம். மேலே சொல்லுங்க."

"நான் செய்யலை. குற்றவாளி."

முன்வரிசையில் கெசையா காதுகளைப் பொத்தியிருந்தாள். இரண்டாவது ஜோடி ஷூ சரியாக இருந்தது.

அக்டோபரில் ஒரு சிக்கல். அண்மையில் ஞானஸ்நானம் பெற்ற டுவைட் ஓரல் என்பவர் ஹால்டேனின் அலுவலகத்துக்கு வந்து, கடைக்காரரைச் சுட்டது தான்தான் என்றார்.

"அதுக்கு ஏற்கெனவே ஆள் இருக்காரே," என்றார் ஹால்டேன்.

"ரத்தம் என்னுது சார். சோதிச்சுப் பாருங்க."

"கொலை ஒண்ணு, குற்றவாளி ரெண்டா? கணக்கு இடிக்குதுங்க."

"நான் செஞ்சேன்னு நானே சொல்றேனே!"

"தாராளமா சொல்லிக்கோங்க. யாரு தடுத்தா? நிரபராதின்னு இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டுச் சொல்லுங்க."

ஓரல் போட்டார்.

'நிரபராதி எவரையும் தண்டிக்காதவர் ஹால்டேன்' என்ற பலகையை எங்கள் வீட்டுப் புல்வெளிகளில் நட்டோம். தேர்தலன்று கெசையா ஓட்டுப் போடப் போனாள். தண்டனை பெற்றவருக்கு ஓட்டு இல்லையாதலால் லெமுவல் காரிலேயே உட்கார்ந்திருந்தார். வரிசையில் ஓரலும் நின்றார். அவருக்கு ஓட்டு உண்டு.

திடீரென்று ஓரல் கார் பக்கம் கையைக் காட்டி, "அந்தாளு செய்யலை, நான்தான் சுட்டேன்!" என்று கத்தினார்.

பழைய ஜூரிகள் நாங்கள் நாலைந்து பேர் அந்த வரிசையில் இருந்தோம். உடனே அவரை அடக்கினோம். வாக்குச்சாவடியில் அரசியல் பேசக் கூடாது.