பூட்டு பாய் பூட்டாத திரி

திண்டுக்கல் பூட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பூட்டியதைவிட, கொடைக்கானல் கடைவீதியில் பூட்டு பாய் ஒருவரே பூட்டியது அதிகம். அவர் பூட்டியது கதவை அல்ல, ஊரார் வாயை.

இரண்டாயிரங்களின் நடுவில் பாய் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். நாலு கம்ப்யூட்டர், மூலையில் ஒரு டெலிபோன் பூத். நம் மலையிலும் இலங்கை மலையிலும் உள்ள தமிழர்கள் இணையத்தில் கூடிப் பேசும் மன்றம் ஒன்றுக்கும் அவர்தான் காவல். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு திரி, அதாவது தனிப் பக்கம். பேசிய விஷயத்துக்கே யாராவது புதுத் திரி தொடங்கினால் தொலைந்தார்கள். "இது ஏற்கெனவே பேசியாச்சு. பழைய திரியைப் பார்க்கவும்" என்று எழுதிப் பூட்டிவிடுவார்; அப்புறம் அதில் யாரும் எழுத முடியாது. பழைய திரியில் சும்மா "மேலே வரட்டும்" என்று எழுதி முதல் பக்கத்துக்குத் தூக்கினாலும் குற்றம். அதற்காக என்னை ஒரு வாரம் தள்ளி வைத்தார் மனுஷர். அந்த வாரம் முழுக்க அவர் கடையில்தான் உட்கார்ந்திருந்தேன்!

நேரில் பேசினாலும் இதே சட்டம்தான். "என்ன குளிரு பாய்!" என்றால், "குளிரைப் பத்தி நேத்தே பேசியாச்சுங்க. புதுசா சேதி இருந்தாச் சொல்லுங்க" என்பார். கொடைக்கானலில் குளிரை விட்டால் பேச வேறு என்ன இருக்கிறது?

இவரிடம் வந்து மாட்டினார் பேத்துப்பாறை மாரியாயி அம்மா. கேரட் தோட்டத்தில் கூலி வேலை. சிறு வயதில் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இங்கே வந்தபோது, கல்யாணமான அக்காள் செல்லம்மா அங்கேயே தங்கிவிட்டாள். அட்ரஸ் தொலைந்து போயிற்று. ஞாயிறுதோறும் வந்து, "எங்கக்காவைத் தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு போடுங்க தம்பி" என்பார். நான் புதுத் திரியாகத் தட்டிப் போடுவேன். முதல் திரி தப்பியது; அடுத்ததையெல்லாம் பத்தடி தள்ளி உட்கார்ந்து பாய் பூட்டுவார்.

"பழைய திரியிலயே எழுதலாமேம்மா?" என்று கேட்டேன்.

"மறுமொழி வராட்டி இன்னொரு கடதாசி போடுறதுதானே தம்பி மொறை? பழைய கடதாசியிலயேவா எழுதுவாங்க?"

நாலாவது ஞாயிறும் பூட்டு விழுந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் பாய், நெஞ்சுல ஈரமே கெடையாதா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க. சோலியைப் பாருங்க சார்."

ஆத்திரத்தோடு மன்றத்தின் முதல் பக்கத்தைத் திறந்தேன். உச்சியில் உட்கார்ந்திருந்தது அந்த அம்மாவின் முதல் திரி. உள்ளே தினம் ஒரு வரி, வெள்ளனே கடை திறந்த நேரத்துக்கு: "மேலே வரட்டும்." எழுதியவர் சாட்சாத் பாய்!

"இதென்ன பாய்?"

பாய் கம்ப்யூட்டரைத் துடைக்க ஆரம்பித்தார். "புதுசு புதுசாப் போட்டா சேதி செதறிக் கெடக்கும்ங்க. ஒரே எடத்துல இருந்தாத்தானே கண்ணுல படும்."

"அது சரி, நீங்க செஞ்ச குத்தத்துக்கு?"

"தண்டனை போட்டுக்கிட்டேங்க. மூணு வாரமா டீ குடிக்கல." கொடைக்கானல் குளிரில்!

அடுத்த மாதம் இலங்கையின் ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் அதே திரியில் எழுதினார். செல்லம்மா அவர் வீட்டுக்குப் பக்கத்து லயத்தில், தோட்டத்து வரிசை வீடு ஒன்றில், இருக்கிறாராம். கீழே போன் நம்பர்.

பூத்தில் மாரியாயி அம்மா, "நல்லா இருக்கியாக்கா?" என்றார். அழுதார். மறுபடியும், "நல்லா இருக்கியாக்கா?" ஏழு தடவை எண்ணினேன்.

"பாய், இது ஏற்கெனவே கேட்டாச்சே" என்று மெல்லச் சீண்டினேன்.

"வாயை மூடுங்க சார். அவுங்க கேக்கட்டும்" என்றார்.

இந்தக் கதையை இதே பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேனோ என்னவோ. பாய் பார்த்தால் பூட்டுவார். பூட்டட்டுமே, அவர் கையால் பூட்டு வாங்கி எத்தனை காலமாயிற்று!