காசிக்குப் போன மாப்பிள்ளையும் கொண்டா மாஸ்டரும்

மலாயாவில் பத்து பாகாட் என்னும் எங்கள் ஊரில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு மூன்று ஆபத்துகள் உண்டு: ஆற்று வெள்ளம், அத்தாப்பு ஓலைக் கூரையில் பிடிக்கும் தீ, கொண்டா மாஸ்டர். முதல் இரண்டும் வருவதற்கு முன் ஏதாவது அறிகுறி காட்டும். மூன்றாவது ஆபத்து, பள்ளி விட்டு வரும் பிள்ளையின் வாய் வழியாக நேரே சமையலறைக்குள் நுழைந்துவிடும்.

"அம்மா, மாஸ்டர் இடியாப்ப உரலைக் கொண்டாரச் சொன்னாரு."

பிள்ளைகளிடம் எதையாவது 'கொண்டா' என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் வந்த பெயர் அது. யாழ்ப்பாணத்தில் அவருக்கு வைத்த நீளமான பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். பென்சில் போல ஒல்லியான உடம்பு, கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, மழையானாலும் வெயிலானாலும் கையில் ஒரு கறுப்புக் குடை. வெயிலில் அதை விரித்து நான் பார்த்ததில்லை. மழையிலும் பாதி நாள் விரிக்க மறந்துவிடுவார்.

எங்கள் ஊர் ஆங்கிலப் பள்ளியில் தொடக்க வகுப்பு அவருடையது. வீட்டில் தமிழும் மலாயும் ஹொக்கியன் சீனமும் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் உட்கார வைப்போம். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாது. மற்ற ஊர்களில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கொழுத்த பூனையும் பாயும் படம் போட்ட புத்தகத்தைக் கொடுப்பார்கள். கொண்டா மாஸ்டருக்கு அந்தப் பூனையைக் கண்டால் ஆகாது.

"அந்தப் பூனையைப் பற்றி இந்தப் பிள்ளையளுக்குச் சொல்ல என்ன கிடக்கு?" என்பார். "தன்ரை வீட்டைப் பற்றிச் சொல்ல ஆயிரம் கிடக்கு. சொல்ல ஏதும் இருந்தால் இங்கிலீசு தானா வரும்."

ஆகவே வீட்டில் உள்ள ஒவ்வொன்றும் பள்ளிக்கூடம் போயிற்று. என் இடியாப்ப உரல் போனது. முப்பது பிள்ளைகள் அதில் களிமண்ணைப் பிழிந்து மகிழ்ந்தபின் திரும்பி வந்தது. அதன் கண்களை நான் ஊசியால் குத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, என் மகன் சந்திரன் பக்கத்தில் நின்று, இடியாப்பம் பிழிவது எப்படி என்று எனக்கே ஆங்கிலத்தில் விளக்கினான். காப்பிக் கடைக்காரர் மகன் ஆ செங், அப்பா காப்பி வடிக்கும் துணிப்பையைக் கொண்டுபோய்விட்டான். அன்று காலை கடைக்கு வந்த அத்தனை பேரும் வெறும் வெந்நீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் வாங்கிப்போன எந்தச் சாமானும் திரும்பாமல் இருந்ததில்லை. பெரும்பாலும் அவரே குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போவார்.

பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பையன் யூசோப்பின் வீட்டில் சாமானே கிடைக்கவில்லை. அதனால் அவன் சிலாட் என்னும் மலாய்க்காரர் தற்காப்புப் பிடியைக் கொண்டுவந்தான். எப்படிப் பிடிப்பது என்று காட்ட ஓர் ஆள் வேண்டுமே? மாஸ்டர் கோட்டைக் கழற்றாமலேயே முன்னால் வந்து நின்றார். அடுத்த நொடி தரையில் கிடந்தார். கிடந்தபடியே கேட்டாராம்: "நல்லது. என்ன செய்தனீ? இங்கிலீசில் சொல்லு."

"ஐ த்ரோ சார்," என்றான் யூசோப்.

"வெரி குட். வேற யாருக்குச் சொல்ல ஏதும் இருக்கு? நான் இப்பிடியே கிடக்கிறன்."

நான் பதறுகிற சுபாவம். சந்திரன் எனக்கு ஒரே பிள்ளை. கலியாணமாகிப் பத்து வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிப் பெற்றது. கன்னிமாடத்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவள் என்ற தைரியத்தில் ஒருநாள் நேரே போய் மாஸ்டரிடம் சண்டை போட்டேன்.

"பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது, மாஸ்டர்? நாளைக்கு அம்மிக்கல்லைக் கேப்பீங்க. கால்ல போட்டுக்குவான்."

"அம்மிக்கல்லோ?" அவர் முகம் மலர்ந்தது. "அது எனக்குத் தோன்றயில்லை, தங்கச்சி. நல்ல யோசனை."

வீடு திரும்பி என் வீட்டுக்காரரிடம் அழுதேன். அவர் பொதுப்பணி அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி. பாலமே இடிந்து விழுந்தாலும் மை காயும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். "ஏன்டி பதர்ற? பய நல்லாத்தானே பேசுறான்," என்றார். அது உண்மைதான். அந்த வகுப்பில் எல்லோரும் பேசினார்கள், ஒருவனைத் தவிர.

அந்த ஒருவன் ஆ செங். வகுப்பிலேயே பெரிய உடம்பு. அப்பா கடையில் நின்றுகொண்டு ஹொக்கியனில் பேரம் பேசுவான், மலாயில் வம்பு பேசுவான், எங்களைக் கண்டால் "அக்கா, பாலில்லாம காப்பி ஓ வேணுமா?" என்று தமிழும் பேசுவான். ஆங்கிலம் என்றால் மட்டும் வாய் திறக்கும், சத்தம் வராது. மீன் தண்ணீருக்கு வெளியே செய்வது போல.

இந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடப் பரிசோதகரான வெள்ளைக்காரத் துரை வரப்போவதாகச் செய்தி வந்தது. மாஸ்டர் ஒரு தமிழ்க் கலியாணம் நடத்திக் காட்டுவது என்று முடிவு செய்தார். அதுவும் எப்படி? "அவனவன் தன்ரை வீட்டைச் சொன்னது போதும். இனி அடுத்தவன் வீட்டுக்குள்ளை போய் நிண்டு சொல்லவேணும்," என்றார். மணப்பெண் யூசோப். என் அரக்குப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு சிரிக்காமல் நிற்கக்கூடியவன் அந்த வகுப்பில் அவன் ஒருவன்தான். தமிழ்ப் பிள்ளை ஒருவனாவது இருக்கட்டும் என்று மாப்பிள்ளை வேஷம் சந்திரனுக்கு. பெண்ணின் தகப்பனார் ஆ செங்.

"அவனா?" என்றேன். "அவன் பேசவே மாட்டானே, மாஸ்டர்."

"அதுதான். பேசாத பிள்ளைக்குத்தான் பெரிய வசனம். அவன் பேசாட்டில் கலியாணம் நடக்காது."

அது என்ன வசனம் என்றால், எங்கள் வீட்டுக் கலியாணங்களில் காசி யாத்திரை என்று ஒரு சடங்கு உண்டு. தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளை, "எனக்குச் சம்சாரமே வேண்டாம், சந்நியாசியாகிக் காசிக்குப் போகிறேன்," என்று குடையும் விசிறியும் புத்தகமுமாகக் கிளம்பிவிடுவார். பெண்ணைப் பெற்றவர் ஓடிவந்து, "காசிக்குப் போகாதீர்கள், என் மகளைக் கட்டிக்கொள்ளுங்கள்," என்று கெஞ்சி, கையைப் பிடித்து அழைத்துவர வேண்டும். நாலு அடி நடப்பதற்குள் முடிந்துவிடும் விளையாட்டு. ஆ செங் அந்த இரண்டு வாக்கியங்களை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் கலியாணத்தில் அந்த நேரம் பார்த்து என் அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி அகப்படவில்லை. தேடிக்கொண்டு நின்றுவிட்டார். என் வீட்டுக்காரர் தெருமுனை வரை போய்ப் பார்த்தார். யாரும் வரக் காணோம். தானாகவே திரும்பி வந்து மணையில் உட்கார்ந்துவிட்டார். "கூப்பிடாமலே வந்த மாப்பிள்ளை" என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் கேலி. இந்தக் கதையைச் சந்திரனுக்கு ஆயிரம் தடவை சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

"நான் அப்பா மாதிரி வரமாட்டேன்மா," என்றான், வேட்டி கட்டிவிடும்போது. "பொண்ணோட அப்பா வந்து கூப்பிட்டாத்தான் திரும்புவேன்."

"அதுதான் மானம், கண்ணு," என்று நானும் திருஷ்டிப் பொட்டு வைத்தேன்.

பள்ளி முற்றத்தில் பந்தல். முன் வரிசையில் துரை. பின்னால் நாங்கள். மாஸ்டர் தன் குடையையே மாப்பிள்ளைக்குக் கொடுத்திருந்தார். சந்திரன் குடையை விரித்தான். துரையைப் பார்த்து, "ஐ ஆம் கோயிங் டு காசி," என்று கணீரென்று சொன்னான். திரும்பி நடந்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆ செங் முன்னால் வந்தான். தலைப்பாகை, அங்கவஸ்திரம், மரவள்ளிக் கிழங்கு நாரில் மாஸ்டர் செய்து ஒட்டிய மீசை. வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. மூடினான். மறுபடி திறந்தான்.

"மாஸ்டர், எடுத்துக் கொடுங்களேன்," என்று கிசுகிசுத்தேன்.

"பொறுங்கோ தங்கச்சி. வரும்."

துரை இதுவும் சடங்கு என்று நினைத்து மரியாதையாகக் காத்திருந்தார். யூசோப் புடவைக்குள் தலை குனிந்து நின்றான். ஆ செங்கின் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது பள்ளிக்கூட வாசலில் குடையும் இல்லை, சந்திரனும் இல்லை.

அதற்குப் பின் நான் எப்படி ஓடினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. ஊர் இன்றும் சொல்லிக் காட்டுகிறது. முடிதிருத்தும் கடை வாசலில் ஒருவர், "தம்பி இப்பதான் போச்சும்மா. எங்கேன்னு கேட்டேன். காசிக்குன்னு சொல்லிச்சு," என்றார். வெற்றிலைக் கடை மலாய்க்காரர் ஆற்றுப் பக்கம் கை காட்டினார். ஆற்றுப் பக்கம் என்றால் படகுத்துறை. படகுத்துறையில் சிங்கப்பூர் போகும் சிறு கப்பல் சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

போய்ச் சேர்ந்தபோது ஏறும் பலகையை எடுத்துவிட்டார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர். அன்னாசிக் கூடைகளுக்கு நடுவில், குடை விரித்து, முதுகைக் காட்டிக்கொண்டு என் பிள்ளை நின்றான்.

"சந்திரா! இறங்குடா!"

திரும்பாமலே பதில் வந்தது. "நீங்க மாப்பிள்ளை வீடும்மா! நீங்க கூப்பிட்டா செல்லாது!"

அதற்குள் பள்ளிக்கூடமே பின்னால் வந்துவிட்டது. அலுவலகத்திலிருந்து இவரும் ஓடிவந்தார், காதில் பேனாவோடு. "டேய், அப்பா சொல்றேன்டா!"

"நீங்களும்தான்ப்பா!"

துரை தொப்பியைக் கழற்றிவிட்டு, "கம் டவுன், மை பாய்!" என்று கத்தினார்.

"யூ ஆர் கெஸ்ட், சார்! கெஸ்ட் கேனாட் கால்!"

யூசோப் என் பட்டுப்புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். "ஐ ஆம் பிரைட்! கம் பேக் லா!"

"பிரைட் கேனாட் கால்! பிரைட் மஸ்ட் பீ ஷை!"

ஒரு மாலுமி அவனைத் தூக்கிக் கரைக்கு நீட்டப் பார்த்தான். என் பிள்ளை கப்பல் தூணைக் கட்டிக்கொண்டான். கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள். மாஸ்டர் மட்டும் ஆனந்தமாக நின்றார். "பாத்தியளே தங்கச்சி, எல்லாம் இங்கிலீசிலையே சண்டை பிடிக்கிறாங்கள்!" அவரை ஆற்றில் தள்ளலாம் என்று நான் கையை ஓங்கியது உண்மை. அப்போதுதான் அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்த அந்த முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. குடை இல்லாத கை தன் கோட்டுப் பொத்தானையே திருகிக்கொண்டிருந்தது.

கயிறு தண்ணீரில் விழுந்தது. கப்பல் நகர்ந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆ செங் வந்தான். மீசை பாதி தொங்கியது. துறையின் விளிம்பில் நின்று வாயைத் திறந்தான்.

"பிளீஸ் டோன்ட் கோ டு காசி!"

ஆற்றின் அக்கரையில் இருந்த கொக்குகள் எழும்பின.

"மேரி மை டாட்டர்! மை டாட்டர் குட் கேர்ள்! நோ கோ காசி! காசி நோ காப்பி! மை ஷாப் காப்பி, எவ்ரிடே காப்பி, நோ பே! யூ கம் பேக், யூ ஸ்டுப்பிட் பிரைட்குரூம்!"

ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த ஆங்கிலம் முழுவதும் கொட்டியது. சந்திரன் மெதுவாகத் திரும்பினான். குடையை மடக்கினான். "ஆல் ரைட். ஐ கம்," என்று பெரிய மனது பண்ணிச் சொன்னான். மாலுமி அவனை அப்படியே தூக்கி நீட்ட, ஆ செங் மாமனார் முறைப்படி கையைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் என்மேல் விழுந்தார்கள். நான் மாஸ்டர்மேல் விழுந்தேன்.

துரை நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "உங்கள் கலியாணங்களில் எப்போதுமே இவ்வளவு தூரம் நடக்க வேண்டுமா?" என்று என் வீட்டுக்காரரிடம் விசாரித்தார். "இல்லை, என்னுடையது தெருமுனையோடு முடிந்தது," என்றார் இவர்.

வருஷங்கள் ஆகிவிட்டன. கப்பல் சங்கு ஊதினால் இன்றும் நான் சந்திரன் எங்கே என்று தேடுவேன். வீட்டில் குடை வைப்பதில்லை, மழையில் நனைந்துகொள்கிறோம். ஆ செங் அன்று திறந்த வாயை இன்னும் மூடவில்லை.

போன மாதம் மாஸ்டரைக் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். பஸ் நிலையத்தில் ஊரே கூடியிருந்தது. யாரும் கேட்காமலேயே ஆளுக்கொன்று கொண்டுவந்திருந்தோம்: காப்பித்தூள், மாசிக்கருவாடு, பலகாரம். மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார். எல்லோரும் ஆ செங்கைப் பார்த்தோம். அவன் வாயைத் திறந்தான். பாவம், சத்தம் வரவில்லை.

"பிளீஸ் டோன்ட் கோ டு காசி, சார்!"

கத்தியது நான்தான் என்பது, எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மாஸ்டர் நின்றார். "நீங்கள் மாப்பிள்ளை வீடெல்லோ, தங்கச்சி," என்றார். "நீங்கள் கூப்பிட்டால் செல்லாது." சொல்லிவிட்டுப் படியில் ஒரு காலை வைத்தார். மற்றக் கால் வெகுநேரம் பத்து பாகாட்டிலேயே நின்றது.

மெர்சிங் தாய்மாரே, இடியாப்ப உரலைக் கேட்டால் பேசாமல் கொடுத்துவிடுங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவார். நாங்கள் கொடுத்தனுப்பிய, வெள்ளைக் கோட்டுப் போட்ட சாமானை மட்டும் நீங்கள் திருப்பித் தர வேண்டியிருக்கும், குடையோடு.