காளைக்குச் சவரம் செய்த நாள்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். புதிதாக எதையாவது தெரிந்துகொண்டால் நான்கு பேரிடமாவது சொல்லாமல் சோறு இறங்காது. எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டாலும் நிறுத்த மாட்டேன். (அதையும் எண்ணியிருக்கிறேன். ஒரே கல்யாணப் பந்தியில் பதினொன்று.)

தொண்ணூறுகளில் நான் கோயமுத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரி வாத்தியார். எந்திரங்களின் அசைவைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவனுக்கு நாற்பத்திரண்டு வயதில் விலங்குகளின் நடை மேல் பைத்தியம் பிடித்தது. அரை டன் காளை நாலு குச்சிக் கால்களில் அலுங்காமல் நடக்கிறதே, எப்படி? தலைகீழாக நிறுத்திய கடிகார ஊசல் மாதிரி, அடிக்கு அடி உடம்பு காலின்மேல் ஏறி இறங்குகிறது. ஏறும்போது சேமித்த சக்தியை இறங்கும்போது எடுத்துக்கொள்கிறது! நினைத்தாலே இன்றும் எனக்குப் புல்லரிக்கும்.

காங்கேயம் பக்கம் தோட்டம் வைத்திருந்த என் மனைவியின் அண்ணன் பழனிச்சாமியிடம், சாப்பாட்டு இலையில் முருங்கைக்காய்த் துண்டை நட்டு வைத்து இதை விளக்கினேன்.

“சரிங்க மாப்ள, மொதல்ல அந்தக் காயச் சாப்பிடுங்க” என்றார்.

ஆனாலும் தன் காளையைப் படம் பிடிக்கச் சம்மதித்தார். “ஞாயித்துக்கெழம பத்து மணிக்குத் தாராபுரத்துக்காரரு ஒருத்தரு காளையப் பாக்க வாராருங்க. அதுக்குள்ள முடிச்சுப்போடோணும்.” காளை விற்றால்தான் புது ஆழ்குழாய்க் கிணறு. பழைய கிணறு வற்றி, தென்னைகள் காய்ந்துகொண்டிருந்தன.

காந்திபுரத்தில் கல்யாண வீடியோ எடுப்பவரின் கேமராவை வாடகைக்கு வாங்கிக்கொண்டு, சனிக்கிழமையே மனைவி சரசுவுடன் போய் இறங்கினேன். மறுநாள் காலை மச்சான், வருகிறவரை அழைத்துவர மொபெட்டில் பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

மூட்டுகள் அசைவது படத்தில் தெரிய, உடம்பில் அடையாளம் வேண்டும். காகித வட்டங்கள் ஏழு ஒட்டினேன். ஏழும் விழுந்தன. முடி வழுக்கியது. பையிலிருந்து என் சேவிங் செட்டை எடுத்தேன்.

முன்னங்கால் முட்டியில் ரூபாய் நாணயம் அளவுக்கு வழித்தேன். ஆஹா! வெள்ளை முடிக்கு அடியில் கன்னங்கரேலென்று தோல்! காகிதமே தேவையில்லை!

“சரசு, இங்கே வா! மாட்டுக்குள்ளேயே புள்ளி இருக்கிறது!”

“அண்ணனக் கேட்டுப்போட்டுச் செய்யுங்க” என்று அடுப்படியிலிருந்தே குரல் வந்தது. விஞ்ஞானத்துக்கு அவ்வளவு பொறுமை ஏது? தோள், இடுப்பு, தொடை என்று ஆறு முடித்தேன். ஏழாவது, முதுகில், திமிலுக்குப் பின்னால். அங்கே மட்டும் முடி வட்டமாகச் சுற்றிக்கொண்டு கத்திக்கு வழிவிடவில்லை. இரண்டு முறை சோப்புப் போட்டு மழமழவென்று வழித்துவிட்டேன். எறிய மனமில்லாமல், முடியை ஏழு கவர்களில் போட்டு எண்ணும் எழுதினேன்.

காளை நடந்தது. ஐம்பத்தாறு அடி. அத்தனையும் படத்தில் விழுந்தது. நான் குதித்துக்கொண்டிருந்தபோது மொபெட் வந்தது.

தாராபுரத்துக்காரர் காளையின் பல்லைப் பார்த்தார். பிறகு அவர் கை நேராக முதுகுக்குப் போனது. போன கை நின்றது.

“ஏனுங்க, சுழி எங்கீங்க?”

டவுனில் பிறந்து வளர்ந்த எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாடு வாங்குபவர்கள் முடி சுழித்திருக்கும் இடத்தை வைத்தே யோகம் பார்ப்பார்களாம். நடுமுதுகில் ஒற்றைச் சுழி என்றால் வாங்குகிற வீடு விளங்கும். அதைக் கேள்விப்பட்டுத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

“காலைல கூட இருந்துச்சுங்க...” மச்சான் மாட்டைப் பார்த்தார். பக்கத்தில் நுரையோடு கிடந்த என் சேவிங் பிரஷ்ஷைப் பார்த்தார். “என்னத்தப் பண்ணிப் போட்டீங்க மாப்ள?”

“கவலையே படாதீங்க, பத்திரமாக இருக்கிறது!” என்று ஏழாம் எண் கவரை நீட்டினேன்.

தாராபுரத்துக்காரர் அதைப் பிரித்து மோந்து பார்த்தார். “சோப்பு வாசமடிக்குதுங்க.”

நான் விடவில்லை. சுழி என்பது முடியில் இல்லை, தோலுக்குள் முடியின் வேர் சாய்ந்திருக்கும் விதத்தில் இருக்கிறது, அதே சுழியாகத்தான் திரும்ப முளைக்கும் என்று விளக்கினேன். (முருங்கைக்காய் கைவசம் இல்லாததால் குனிந்து என் உச்சந்தலைச் சுழியையே காட்டினேன்.)

அவர் முழுக்கக் கேட்டார். மரியாதையான மனிதர். “மொளைக்கட்டுங்க, சொல்லியனுப்புங்க. கெட்ட சுழிய மறைக்கச் செரைக்கறவங்களக் கேள்விப்பட்டிருக்கறேன். நல்ல சுழியச் செரைச்சவர இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதன்பின் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், பூதக்கண்ணாடியும் ஸ்கேலுமாகத் தோட்டத்துக்குப் போனேன். ஆறாவது வாரம் சுழி தெரிந்தது. அதே இடம், அதே சுற்று! “நான் சொன்னேனல்லவா!” என்று மாட்டுக்கொட்டகையில் கத்தினேன். தாராபுரத்துக்காரர் அதற்குள் வேறு காளை வாங்கியிருந்தார். கிணறு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. அந்தக் கோடையில் பதினான்கு தென்னைகள் பட்டுப்போயின. எண்ணியது நான்தான். எண்ணாமல் இருந்திருக்கலாம்.

மச்சான் அதற்காக ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டார். இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கல்யாணம் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. சொந்தத்தில் எந்த ஆண் குழந்தையின் தலையில் இரண்டு சுழி தெரிந்தாலும், இப்போது எண்பதைத் தாண்டிவிட்ட அந்த மனிதர் கூட்டத்துக்கு நடுவில் உரக்கச் சொல்வார்: “பயப்படாத அம்மணி, மாப்ளகிட்டக் கொண்டுபோ. ஒண்ண வழிச்சுக் கவர்ல போட்டுத் தந்துருவாரு!”

வழித்தாலும் அதே சுழியாகத்தான் முளைக்கும் என்று விளக்க ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்கிறேன். இதுவரை ஒன்பது குழந்தைகள். ஒரு தடவைகூட என்னை முடிக்க விட்டதில்லை.